இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

அல் ஐனில் ஓர் அரபி வீட்டில் ஹோம் நர்ஸாக இருந்தேன். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன பெரியவரைக் கவனிப்பதுதான் டியூட்டி. பட்டாளத்தில் இருந்தவர். வீட்டார் கூப்பிடுவது போல நானும் அவரை பாபா என்றே கூப்பிட்டேன். விரல்களை மடக்கிப் பழக நான் கொடுக்கும் ரப்பர் பந்தை, இடது கையால் சுவரில் விட்டெறிவார். "கலாஸ், இந்தக் கை செத்துப்போச்சு" என்பார், எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஹிந்தியில்.

ஒரு நாள் மாலை அவர் மகன் வந்து, பூட்டிக் கிடந்த பக்கத்து அறையைத் திறந்தார். மேசைமேல் துணிக்கு அடியில் பாதி முடிந்த ரைபிள் ஒன்று. பாகங்களை வரவழைத்து, தோளில் அணைக்கும் மரக்கட்டையைத் தானே இழைத்து, தன் உடம்பு அளவுக்கு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிளைப் பூட்டிச் சேர்ப்பது பாபாவின் பொழுதுபோக்காம். லைசென்ஸ் எல்லாம் உண்டு. இனி எதற்கு, போலீசில் ஒப்படைத்துவிடலாம் என்று எடுக்க வந்திருந்தார் மகன்.

எனக்குத் துப்பாக்கி என்றாலே பயம். வாசலோடு நின்றுகொண்டேன். பாபா சக்கர நாற்காலியில் மேசையருகே போனார். மரக்கட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் அந்த வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பந்தைப் பிடிக்க மறுத்த விரல்கள், நான் பார்க்கப் பார்க்க, மரத்தின் வளைவை ஒட்டி மெல்ல மடங்கின.

"பாபா!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பவில்லை. "சிஸ்டர், அந்த உப்புத்தாளை எடு" என்றார்.

அன்றிரவு, ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் கணவரிடம் போனில் சொன்னேன்.

"துப்பாக்கியா? எதுக்குட்டி உனக்கு இந்த வம்பு? கேஸு கீஸு ஆயிராம!"

"லைசென்ஸ் இருக்கு. நீங்க அந்தக் கையப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

அடுத்த நாளிலிருந்து தினமும் அரை மணி நேரம். ஒப்படைக்கும் எண்ணத்தை விட்டுவிட்ட மகன், இரும்புப் பாகங்களைப் பூட்டி வைத்துவிட்டு மரக்கட்டையை மட்டும் கொடுப்பார். பாபா வலது கையால் தேய்ப்பார். வலியில் கண்ணில் நீர் வரும். நிறுத்தச் சொன்னால் முறைப்பார். வலது தோளில் இனி பலம் வராது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதனால் கன்னம் பதியும் பக்கத்தை இழைத்துக் குறைத்து, இடது தோளுக்குப் பொருந்தும்படி முழுவதையும் மாற்றினார். நான்கு மாதம் பிடித்தது. பட்டன் அளவு திருகைக்கூட அந்த விரல்களே கடைசியில் திருகின.

குளிர்காலம் தொடங்கியதும் ஷூட்டிங் கிளப்புக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். காதடைப்பான் மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். உட்கார்ந்தபடி பாபா இடது தோளில் அணைத்தார். வலது கை முன்பகுதியைத் தாங்கியது. முதல் குண்டு தாளிலேயே படவில்லை. இரண்டாவது ஓரத்தில். ஐந்தாவது நடு வட்டத்துக்கு ஒரு விரல் தள்ளி.

எத்தனையோ நோயாளிகளைப் பார்த்துவிட்டேன். மனிதன் தன் உடம்பைத் தானே புதிதாக அளந்து, அதற்கேற்ப ஒன்றைச் செய்துகொண்டதை அங்கேதான் பார்த்தேன்.

மகன் அழுதுகொண்டிருந்தார். பாபா அவரிடம் அடுத்த தாளை மாட்டச் சொன்னார்.