அண்ணியின் தோள் அளவு

எங்கள் தெருவில் என் அண்ணிக்கு ‘பை டாக்டர்’ என்று பெயர். அறுந்த ஜிப், கிழிந்த அடி, பிய்ந்த வார், எதுவானாலும் அவர் கைக்கு வந்தால் பிழைத்துப் போகும். கடை மாடியில் இருக்கிறது. அவருடைய தையல் மெஷினுக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னல் நிறைய மலை. நூல் கோர்க்கத் தலையைத் தூக்குவார், கண் மலைக்குப் போய்விடும். நூல் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து பழைய தையலைப் பிரிக்கிற எனக்கு அது தெரியும். அந்த மலைக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. என் அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து அவருக்குக் கடை விட்டால் வீடு, வீடு விட்டால் கடை.

ஒருநாள் ஓவிய டீச்சர் ஒருவர் மலையேறும் பையோடு வந்தார். நல்ல உயரம்; அண்ணி அவர் தோளுக்குத்தான் வருவார். வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்துதான் உள்ளே நுழைந்தார்.

“கேமராவைக் கழுத்துல மாட்டினா ஏறும்போது நெஞ்சுல இடிக்குதுக்கா. கழுத்தும் விட்டுப்போகுது. பைக்குள்ள வச்சா, வெளிய எடுக்கறதுக்குள்ள பறவை பறந்துடுது.”

“பையோட தோள் வார்லயே மாட்டிடலாம்,” என்றார் அண்ணி. “கீழ ஒரு பட்டி பிடிச்சுக்கும், ஆடாது. கழுத்துக்குப் பாரமே இருக்காது.”

டீச்சர் தோளில் அளந்து வாரில் சாக்பீஸால் கோடு போட்ட அண்ணி, மெல்லக் கேட்டார்: “மேல போனா இந்தக் கடை தெரியுமா?”

“கடை தெரியாதுக்கா. தெருவே ஒரு கோடு மாதிரிதான் இருக்கும்.”

“கோடு மாதிரியா!”

டீச்சர் போன பிறகு அண்ணி பட்டியை வாரில் ஊசி குத்தி நிறுத்தினார். கேமராவுக்குப் பதில் கடைப் பூட்டைத் துணியில் சுற்றி மாட்டி, பையில் வெட்டுத் துணிகளை அடைத்து, தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். குனிந்து பார்த்தார். குதித்தும் பார்த்தார். எதிரே வந்த கடை முதலாளி, “என்னம்மா, கடையைத் தூக்கிட்டு ஓடறியா?” என்றார்.

“பூட்டு மட்டும்தாண்ணே. கடையை நீங்களே வச்சுக்குங்க!”

ஒவ்வொரு முறையும் பட்டியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். வாகாக உட்கார்ந்ததும் அழுத்தித் தைத்துவிட்டார். சாக்பீஸ் கோட்டை அவர் மறந்தே போனார். நானும் கவனிக்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டீச்சர் பையை மாட்டிக் கேமராவைப் பொருத்தினார். அது தாடைக்குக் கீழே வந்து நின்றது.

“அக்கா, நான் வாயாலதான் படம் எடுக்கணும் போல!”

சிரித்துக்கொண்டே பையைக் கழற்றி அண்ணி தோளில் மாட்டினார். கேமரா நெஞ்சோரம் அச்சாகப் பொருந்தியது.

“இது உங்களுக்குத் தைச்சது.”

“ஐயோ, படியேறிப் பாத்தது நான்தானே...” அண்ணிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அப்போ மலையும் ஏறிடுங்க. ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் போறோம், எல்லாம் பொம்பளைங்கதான். வாங்களேன்.”

“எனக்கெங்க அதெல்லாம்... அத்தையை யார் பாக்கறது?”

“அம்மாவை நான் பாத்துக்கறேன் அண்ணி,” என்றேன்.

அண்ணி காதில் விழாதவர் போலப் பையைக் கழற்றினார். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மெஷின் ஓடவில்லை.

பையை என் மடியில் வைத்தார். நான் தையலைப் பிரித்தேன். ஊசித் துளைகள் மட்டும் அண்ணி அளவில் வரிசையாக வாரில் நின்றன. அதற்குக் கீழே, சாக்பீஸ் கோட்டில் மறுபடி தைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கடையைச் சாத்தியபின், அண்ணி பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

“அத்தைக்குக் காலையில எந்த மாத்திரை, மத்தியானம் எந்த மாத்திரைன்னு உனக்குத் தெரியுமா?”