பஸ்ஸை விட்டு இறங்காத குடையம்மா

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வடக்கனந்தலிலிருந்து மலை மேலிருக்கும் கரியாலூர் போகும் பஸ்ஸில் நடந்தது இது. கரியாலூரில் என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு நானும் கணவரும் போய்க்கொண்டிருந்தோம். அதைச் சொல்வதற்கு முன் ஒரு படக்கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் கணவர் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் பாரம் ஏற்றிய வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு பேப்பரின் கடைசிப் பக்கம் மட்டும் முதல் டிராக்டரில் தொடங்கி கடைசி டிராக்டர் வரை கைமாறிக்கொண்டே போகும். அந்தப் பக்கத்தில் நாலு கட்டங்களில் ஒரு படக்கதை வரும். பெயர் 'விசில் கோபாலு'. கோபாலு ஒரு டவுன் பஸ் கண்டக்டர். வாரம் ஒரு கலாட்டா: சீட்டுக்குச் சண்டை, கூடையிலிருந்து தப்பிய கோழி, தவறான பஸ்ஸில் ஏறிவிட்ட மாப்பிள்ளை. ஆனால் எல்லா வாரமும் கடைசி சீட்டில் மடியில் குடையோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருப்பார். கோபாலு அவரிடம், "எங்கம்மா இறங்கணும்?" என்பான். அவர், "இன்னும் தூரம் இருக்கு தம்பி" என்பார். அவ்வளவுதான். அவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு வாரமும் சொன்னதில்லை. டிரைவர்கள் அவருக்குக் குடையம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சர்க்கரை நோயால் கணவருக்குப் பார்வை போன பிறகு, அந்தப் பக்கத்தை நான்தான் படித்துச் சொன்னேன். முதல் கட்டத்தில் யார், அவர் கை எங்கே இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். குடையம்மாவின் சேலையில் புள்ளியா, கோடா என்று கூடக் கேட்பார்.

பஸ்ஸில் போன அந்த வருடம், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, படக்கதை இருக்க வேண்டிய இடத்தில் குக்கர் விளம்பரம் இருந்தது. அடுத்த வாரமும் அதேதான். பேப்பரில் ஒரு வரி விளக்கமும் இல்லை. ஆலை வாசலிலிருந்து கணவரின் பழைய கூட்டாளி ஒருவர் போன் செய்தார்.

"இன்னாண்ணே, இந்த வாரமும் வரலியே?"

"வரலடா."

"அப்போ அந்தம்மா இன்னும் பஸ்லயே குந்திக்கினு கீதா? சாப்ட்டுச்சோ இன்னாவோ. அண்ணி கையில போன குடு. அண்ணி, நீங்கதான் தெனம் டைரி எழுதறவங்களாச்சே. எங்கனா ஒரு எடத்துல அத்த எறக்கி வுடுங்களேன்."

அச்சில் வராததை நான் எப்படிச் சொல்ல முடியும் என்றேன். உடனே பக்கத்திலிருந்த கணவர், "வுடுடா. ரசீது இல்லாம இவ மூச்சு கூட வுடமாட்டா" என்றார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் காபி குடித்ததும் கணவர் கேட்பார், வந்துச்சா என்று. இல்லை என்பேன். பேப்பர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை.

இனி அந்த ஆவணி ஞாயிறு. கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் கணவர், "கட்டம் கட்டமா சொல்லு" என்றார். சொன்னேன். முன் சீட்டில் ஒருவர் பலாப்பழத்தைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் தூங்கித் தூங்கி அந்தப் பழத்தின் மேலேயே சாய்கிறார். கணவர் பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

அணைக்கட்டு நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மா ஏறி எங்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். காலடியில் ஒரு பை, மடியில் கறுப்புக் குடை. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். பார்த்ததை மறைத்துப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்டக்டர் அந்த அம்மாவிடம் ஊர் கேட்டு டிக்கெட் கிழித்தார். ஹாரன் சத்தத்தில் ஊர்ப் பெயர் எங்கள் காதில் விழவில்லை. கணவரால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, எங்க எறங்கப் போறீங்க?"

"ஏன், நீ ஓட்டப் போறியா பஸ்ஸ?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கணவர் விடவில்லை.

"இல்லம்மா. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

"நான் உன்ன இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

அப்போதுதான் அவர் கணவரின் கண்களைக் கவனித்தார் போலிருக்கிறது. கோபம் போன இடம் தெரியவில்லை. நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா சங்கதி, சொல்லு" என்றார்.

கணவர் முழுக்கதையையும் சொன்னார். கோபாலு, கோழி, மாப்பிள்ளை, கடைசி சீட்டு, குக்கர் விளம்பரம் வரை. மலை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப மூவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம், கதை நிற்கவில்லை. அந்த அம்மா ஏதோ தெரிந்தவர் வீட்டு விஷயம் போலக் கேட்டார்.

"அப்பிடியேவா வுட்டுட்டான்? வயசான பொம்பளய, நடு வழியில?"

"ஆமாம்மா."

"துணைக்கு ஒரு ஆள் கூட இல்லியா? கையில சோறு கீறு எடுத்துனு வந்துச்சா அது?"

கணவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு எல்லாக் கட்டங்களும் மனப்பாடம். குடையைத் தவிர அவர் கையில் எதுவும் வரைந்திருக்கவில்லை. இல்லை என்றேன். அந்த அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. வரைந்த ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்குமோ, வேறு பேப்பரில் வருகிறதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டுச் சலித்த அதே கேள்விகள்தான், வேறொரு வாயிலிருந்து வந்தபோது ஏனோ ஆறுதலாக இருந்தது.

"கெழவி, உன் ஸ்டாப்பு! கதைய வூட்ல போய்க் கேளு!" என்று கண்டக்டர் விசில் அடித்தார்.

அவர் பதறி எழுந்தார். படியில் நின்று திரும்பி, "பாரு, எனுக்கு எடம் வந்துருச்சு. அதுக்கு வரலியே" என்றார். தூறலில் குடையை விரித்துக்கொண்டே கீழிருந்து கத்தினார்: "அது எறங்கனா எனுக்கும் சொல்லுங்க!"

பஸ் கிளம்பிவிட்டது.

"யாராச்சும் கூப்புட வந்தாங்களா?" என்று கணவர் கேட்டார். ஒரு பெண் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள், இருவரும் மரவள்ளித் தோட்டத்து வரப்பில் நடக்கிறார்கள் என்று சொன்னேன். சேலை புள்ளியா, கோடா என்று கேட்டார். பச்சையில் கோடு என்றேன். தலையை ஆட்டினார்.

எதையும் குறித்து வைக்கும் எனக்கு, அந்த அம்மாவின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. எந்த நிறுத்தம் என்றும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் தேடினேன். எல்லா வளைவிலும் மரவள்ளித் தோட்டம்தான் இருந்தது.

முடியாமல் நின்றுபோன ஒரு கதைக்காகக் காத்திருப்பவர்கள் வருடம் போகப் போகக் குறைவார்கள் என்று நினைத்திருந்தேன். அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கூடினார். மலை மேல் மேகம் இறங்கும் நாட்களில், அங்கே ஏதோ ஒரு வீட்டில் அவரும் இதையே நினைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றும். என்றாவது அந்தப் படக்கதை திரும்ப வந்தால், முதலில் அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வழி தெரியாதே என்பதுதான் இன்றும் என் ஏக்கம்.