மின்தடையால் நின்ற நாடகம்

நாள்கணக்கில் மூடிக் கிடந்த அரங்கில் பெரிய விளக்குகளைப் போட்டதும் அவற்றின் மேல் படிந்திருந்த தூசி சூடேறிக் கருகும். அந்த வாசம் முன்வரிசை வரைக்கும் வரும்.  மற்றப் பிள்ளைகளுக்கு அது நாடகம் தொடங்கப்போகிறது என்ற குஷி. எனக்கோ அது, அம்மாவுக்கு இன்றைக்கு ஏதோ ஆகப்போகிறது என்ற பயம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது அந்த நாடக வளாகம். பெரிய அரங்கு ஒன்று, நடன நிகழ்ச்சிகளுக்குச் சின்ன அரங்கு ஒன்று, வெளியே சிமெண்டில் கட்டிய திறந்த மேடை ஒன்று. மூன்றையும் சேர்த்து எல்லோரும் "காம்ப்ளெக்ஸ்" என்றே சொல்வோம். அம்மா, பக்கத்திலிருந்த ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே வேலை பார்த்தவர்கள் குழுவாகச் சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாடகம் போட்டார்கள். அப்பாவுக்குச் சிதம்பரத்தில் வேலை. "ஆசப்படறா, போவட்டும்" என்று அவர் சொல்லிவிட்டாலும், குமராட்சியிலிருந்து வரும் பெரியப்பா ஒவ்வொரு முறையும் "அடுத்த வருஷமும் இந்தக் கூத்து உண்டா?" என்று கேட்காமல் பஸ் ஏறியதில்லை.

முதல் நாடகத்தின்போது எனக்கு ஆறு வயது. அதில் மாமியாராக வந்தவர், சேலை கட்டிய ஒரு குமாஸ்தா மாமா. அவர், மருமகளாக நடித்த அம்மாவின் கூந்தலைப் பிடித்து இழுத்ததும் நான் "எங்கம்மாவ வுடு!" என்று அலறிக்கொண்டு மேடையில் ஏறி அவர் காலைக் கடித்துவிட்டேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. திரையை இறக்க வேண்டியதாயிற்று.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா, "மேடையில நடக்கறது எதுவும் நெசமில்ல. இனிமே வாயத் தொறந்த, கூட்டிட்டே போவமாட்டேன்" என்றாள்.

அதனால் இரண்டாவது நாடகத்தில் என்னைச் சபையில் உட்காரவிடவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த விளக்கு அறையில், தேவராசு மாமாவின் அருகில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். விளக்குகளைக் கவனிப்பவர் அவர்தான். பீடி மணக்கும் ஒல்லியான மனிதர். அறைச் சுவரில் சிவப்புக் கைப்பிடியோடு ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. "அதான் மெயினு. அத எறக்குனா மொத்தக் கட்டடமும் செத்துப்போயிடும். கைய வைக்கக் கூடாது, தெரிதா?" என்றார். 'செத்துப்போயிடும்' என்ற சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த நாடகம் முடியும்வரை மேடையையே பார்க்கவில்லை. கைப்பிடி தானாகக் கீழே இறங்கிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நாடகம் ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. எனக்கு எட்டு வயது. வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. கூரையிலிருந்து மேடையின் ஒரு மூலையில் சொட்டியது. வாளி வைத்திருந்தார்கள், அது நிரம்பி வழிந்தது. கடைசிக் காட்சியில் அம்மா, காணாமல் போன மகனைத் தேடி, வெறுங்காலோடு ஒரு தெருவிளக்கின் கீழ் வந்து நிற்பாள். அந்த விளக்குக் கம்பம் உண்மையான இரும்புக் குழாய். அதற்குள்ளேயே ஒயரை விட்டு உச்சியில் பல்பு மாட்டியிருந்தார்கள். அம்மா ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இந்த வெளிச்சத்துல நிக்கறேன்டா" என்று சொல்ல வேண்டும். ஒத்திகைக்குத் தினமும் போனதில் எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம்.

அம்மா கம்பத்தைப் பிடித்தாள். "தம்பி" என்றாள். அதற்குமேல் சொல் வரவில்லை. உடம்பு வெடவெடவென்று ஆடியது; தலை பின்னால் போயிற்று; வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என் பின்னால் ஒருவர், "என்னாமா நடிக்கிது பாரு" என்றார். கைதட்டல் எழுந்தது. அது பின்வரிசைகளுக்கும் பரவி அரங்கு முழுவதும் அதிர்ந்தது. நடிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சத்தியம் செய்திருந்தேன். கத்தினால் மறுபடியும் சிரிப்பார்கள், மறுபடியும் திரை விழும், அம்மா இனி என்றைக்குமே கூட்டி வரமாட்டாள். எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சில நொடிகள்தான் இருக்கும். அந்தச் சில நொடிகளுக்காக நான் பல வருடம் என்னை மன்னிக்கவில்லை.

பிறகு எழுந்து பக்கக் கதவு வழியாக விளக்கு அறைக்கு ஓடினேன். "மாமா, அம்மாவுக்கு ஷாக் அடிக்குது!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆரம்பிச்சிட்டியா? நடிக்கறாங்க பாப்பா. போய் ஒக்காரு."

ஸ்டூல் மேல் ஏறினேன். கைப்பிடி கனமாக இருந்தது. இரண்டு கையாலும் தொங்கித்தான் இறக்கினேன். எல்லாம் இருண்டது. சின்ன அரங்கில் நடனமாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீல் என்று கத்துவதும், அவர்களுடைய சலங்கைகள் தாறுமாறாக ஓடுவதும் கேட்டது. மேடைப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. மொத்தக் கட்டடமும் செத்துப்போயிடும் என்று அவர் சொல்லியிருந்தாரே, அப்படியானால் அம்மாவையும் நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். கைப்பிடியை விட முடியவில்லை. கால்வழியாகச் சூடாக நனைந்தது. தேவராசு மாமா டார்ச்சை அடித்து மேடையைப் பார்த்தார். "ஐயையோ" என்றவர் என்னைத் தள்ளிவிட்டு ஓடினார்.

அரசு மருத்துவமனையில் அம்மா கண்ணைத் திறந்தபோது அப்பா பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார். அம்மாவின் வலது உள்ளங்கையில் தடித்த கட்டு. அம்மா முதலில் கேட்டது, "யாரு லைட்ட அணைச்சது?" என்பதுதான்.

"நான் இல்லம்மா" என்றேன்.

வாசலருகே நின்றிருந்த தேவராசு மாமா, "பாப்பாதாங்க அணைச்சிது" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடி விழும் என்று காத்திருந்தேன்.  அம்மா கட்டு இல்லாத கையால் என் பாவாடை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

இப்போது திறந்த மேடை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சின்ன அரங்கில் புயல் மழைக்காலத்துக்கான பாய்களும் தார்ப்பாய்களும் அடுக்கியிருக்கிறார்கள். பெரிய அரங்கின் கூரை பிரித்தபடியே கிடக்கிறது. நாடகம் போட்டு வெகுகாலமாயிற்று. வளாகத்தில் மேடையேறிய நாடகங்களின் வரலாற்றைத் தொகுக்கிறோம், உதவ முடியுமா என்று சிலர் கேட்டதால், போன மாதம் அங்கே போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஐப்பசி ஞாயிறுக்கு எதிரே ஒரே ஒரு வரி: "மின்தடை காரணமாக நாடகம் இடையில் நின்றது." எழுத்துகள் கோணல்மாணலாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. குழுவின் சார்பில் பதிவேடு எழுதியது அம்மாதான். இடது கையால் எழுதியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். எழுபதைத் தாண்டிய அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா பொய் எழுதுன?"

"பின்ன? பொம்பளைக்கு ஷாக் அடிச்சிதுன்னு எழுதினா அடுத்த வருஷம் எவளையாவது மேடையேற வுட்டிருப்பானுங்களா? அதோட, தேவராசுக்கு வேல போயிருக்கும்."

மறுநாள் திரும்பப் போய், பதிவேட்டில் அடுத்த வருட நாடகத்தின் பக்கத்தில் நடிகர் பட்டியலைப் பார்த்தேன். மூன்று பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் இன்று உயிரோடு இருப்பது அம்மா மட்டும்தான்.