திண்டிவனத்தில் காணாமல் போன முந்நூற்று எண்பத்தாறு பேர்

ஒருவரிடம் பேர் கேட்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் அற்புதமேரியின் பக்கத்தில் ஒரு காலைநேரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். திண்டிவனத்தில் கிறிஸ்தவக் கன்னியர் நடத்திவந்த ஒரு மருத்துவமனையில், 1993-இல், தன் இருபத்திரண்டாவது வயதில் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார் அவர். பேர் கேட்பார், ஊர் கேட்பார். வயதை மட்டும் நேராகக் கேட்கமாட்டார். "மூத்த புள்ளைக்கு இன்னா வயசு?" என்று கேட்டு, தானே ஒரு கணக்குப் போட்டு எழுதிக்கொள்வார். வயதைக் கேட்டால் பாதிப் பேர் ஐம்பது என்பார்கள், மீதிப் பேர் அறுபது என்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

2009-இல் அந்த மருத்துவமனைக்கும், அதே நிர்வாகம் விழுப்புரத்தில் நடத்திய பெரிய மருத்துவமனைக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. திண்டிவனத்தில் ஒருவருக்கு எடுத்த சர்க்கரை அளவை விழுப்புரத்து டாக்டர் மறுநிமிடமே பார்க்கலாம். ஆளுக்கு ஒரு எண். எந்த ஊருக்குப் போனாலும் அதே எண்தான். அற்புதமேரி ஒரே மாதத்தில் தட்டச்சு பழகிக்கொண்டார். நோயாளிகளின் விவரம் எழுதிய பழைய அட்டைகளை விட்டதில் அவருக்குத் துளி வருத்தமில்லை. ஐப்பசி மழையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட அட்டைகளைக் கிழியாமல் பிரித்த கை அது.

இரண்டு வருடம் கழித்து விழுப்புரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. சர்க்கரை நோய்ப் பிரிவின் தலைவர் டாக்டர் ராஜாமணி, கம்ப்யூட்டர் தொகுத்துத் தந்த அறிக்கையைப் படித்தார்.

"திண்டிவனத்துல ஆயிரத்து நூத்தி நாற்பது சுகர் பேஷன்ட். அதுல முந்நூத்தி எண்பத்தாறு பேர் ஆறு மாசமா எட்டிப் பார்க்கல. மூணுல ஒருத்தர்! ஜனங்களுக்கே அக்கறை இல்லன்னா நாம என்ன பண்றது? வாரத்துல ரெண்டு நாள் கிளினிக் அங்க தேவையில்ல, ஒரு நாள் போதும். அங்க இருக்கிற நர்ஸை இங்க மாத்திடலாம்."

நிர்வாகி சிஸ்டர் கிளாரா தலையாட்டினார். கடைசி வரிசையிலிருந்து அற்புதமேரி எழுந்தார்.

"டாக்டர், அந்த லிஸ்ட்ட ஒருக்கா குடுக்கிறீங்களா?"

வாங்கி முதல் இரண்டு பக்கத்தில் விரலை ஓட்டினார். "இதுல நெறைய பேரு வந்துக்கினுதாங்க இருக்காங்க. இந்த ஆஸ்பத்திரிக்கே வர்றதா அவங்க ஊர்க்காரங்க சொல்றாங்க. இந்தா, கூட்டேரிப்பட்டு தேவநாதன். இப்ப மேல ஏறும்போது பார்த்தேன், கீழ வரிசையில நிக்கிறாரு."

"கம்ப்யூட்டர் வரலன்னுல்ல சொல்லுது?"

"அது பொய் சொல்லலீங்க. நாமதான் ஒரே ஆள ரெண்டு விதமா எழுதி வச்சிருக்கோம்."

டாக்டர் ஆளனுப்பிப் பார்த்தார். தேவநாதன் நிஜமாகவே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். திண்டிவனத்தில் அவர் பேர் ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கியிருந்தது. விழுப்புரத்தில் அந்த 'டி'க்குப் பின்னால் ஒரு 'எச்' ஒட்டிக்கொண்டிருந்தது. வயதும் மூன்று வருடம் வித்தியாசம். எண் எழுதிய சீட்டை அவர் கொண்டுவராததால் பேரை வைத்துத் தேடி, கிடைக்காமல், புது எண் கொடுத்துவிட்டார்கள். மெஷினுக்கு அவர் இரண்டு ஆள். முதல் ஆள் வராமல் நின்றுவிட்டார், இரண்டாவது ஆள் புதிதாக வந்துவிட்டார்.

"பதினஞ்சு நாள் டைம் குடுங்க. ஒவ்வொருத்தரும் எங்க போனாங்கன்னு சொல்றேன்" என்றார் அற்புதமேரி. சிஸ்டர் கிளாரா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சரி என்றார்.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்ட குமரேசனிடம் இரண்டு ஊர்ப் பட்டியலையும் கேட்டு வாங்கினார். எழுத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். சொன்னால் ஒன்றாக ஒலிக்கும் பேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பெண்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அம்மா வீட்டிலிருந்து வந்தால் அப்பா பேரின் முதலெழுத்து, மாமியார் வீட்டிலிருந்து வந்தால் கணவர் பேரின் முதலெழுத்து.

மூன்றாம் நாள் அவரே ஒரு தப்புப் பண்ணினார். லட்சுமியம்மாள் என்று இரண்டு பதிவுகள். ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே வயது. இரண்டும் ஒருவர்தான் என்று சேர்த்துவிடச் சொன்னார். சேர்த்த பதிவைத் திறந்து பார்த்த குமரேசன் போன் பண்ணினார்.

"அக்கா, இந்தம்மா ஒரே வாரத்துல திண்டிவனத்துல இன்சுலின் போட்டுக்கினு, விழுப்புரத்துல மாத்திரையும் வாங்கியிருக்காங்களே?"

அற்புதமேரி அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டு விசாரித்தார். ஒரே தெருவில் இரண்டு லட்சுமியம்மாள். "உடனே பிரிச்சிடு குமரேசா. ஊசி போடறவங்க மருந்து அடுத்தவங்களுக்குப் போயிருந்தா இன்னா ஆவறது? இனிமே போன்ல பேசி, வீட்டு ஆள் ஒருத்தர் பேரும் கேட்டு, பழைய மருந்துச் சீட்டையும் பார்க்காம எதையும் சேர்க்காத. நானே சொன்னாலும் சேர்க்காத."

குமரேசன் சும்மா இருக்கவில்லை. 'எச்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று, இரட்டை எழுத்தும் ஒற்றை எழுத்தும் ஒன்று என்று அற்புதமேரி சொல்லச் சொல்ல, அவற்றையெல்லாம் கம்ப்யூட்டருக்கே கற்றுக்கொடுத்தார். 'இவர் அவராக இருக்கலாம்' என்று மெஷின் காட்டும். ஆமாம், இல்லை என்று சொல்வது மனிதர் வேலை.

பதினைந்தாம் நாள் கணக்குத் தெளிந்தது. இருநூற்று முப்பத்தொரு பேர் விழுப்புரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மீதி நூற்று ஐம்பத்தைந்து பேர் எங்குமே இல்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அற்புதமேரி அந்த நூற்று ஐம்பத்தைந்தை ஊர்வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னார். எழுபத்தொரு பேர் மயிலம் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். கடைசியாக வந்த தேதியைப் பார்த்தால், எல்லாரும் ஒரே ஜூன், ஜூலையோடு வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

அவர்களில் ஒருவரான விருத்தாசலத்துக்குப் போன் பண்ணினார். மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை பயிரிடும் விவசாயி.

"ஏன்யா, ஆஸ்பத்திரிக்கு வர்றதே இல்ல?"

"வந்தனேம்மா, மூணு தபா வந்தேன்! காலைல பஸ்சு நேரத்த மாத்திட்டான். எறங்குறதுக்கே பத்தேகாலு ஆவுது. பத்து மணிக்கே ரத்தம் எடுக்கிற ரூம சாத்திடுறீங்க. வெறும் வயித்தோட வந்துட்டு வெறும் வயித்தோடவே திரும்பணுமா? சக்கரை வந்தவன் மயக்கம் போட்டு விழுறதுக்கா?"

அற்புதமேரி அந்த அறையைத் தாண்டித்தான் தினமும் சாப்பிடப் போவார்.

மறுகூட்டத்தில் அதை அப்படியே சொன்னார். டாக்டர் ராஜாமணி, "அக்கறை இல்லன்னு சொன்னேன்ல, அது நம்மளத்தான் சொல்லியிருக்கணும்" என்றார். ரத்தம் எடுக்கும் நேரம் பதினொன்றரை வரை நீண்டது. கிளினிக் இரண்டு நாளாகவே இருந்தது. நர்ஸும் எங்கும் போகவில்லை. எழுபத்தொரு பேருக்கும் அற்புதமேரியே போன் பண்ணினார்.

அடுத்த வருட அறிக்கையில் ஐம்பத்தெட்டுப் பேர் திரும்பியிருந்தார்கள். ஏழு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஒருவேளை முன்பே கூப்பிட்டிருந்தால் என்று அந்த ஏழு பேரை நினைத்து அவர் வீட்டில் கணவர் ஆன்டனியிடம் புலம்பியதுண்டு. மீதி ஆறு பேரில் நான்கு பேர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார்கள். "அது போதும், எங்கனா பார்த்துக்கினா சரி" என்று எழுதிவைத்தார். இருவருடைய போன் மட்டும் எடுக்கப்படவே இல்லை.

2014-இல் கெடாரில் ஒரு சின்ன கிளினிக் திறந்து, அதையும் அதே கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் சேர்த்தார்கள். அங்கே பதிவு செய்ய வந்த சங்கவிக்கு வேலை சொல்லித்தர அற்புதமேரியை ஒரு வாரம் அனுப்பினார்கள். முதல்நாள் காலையிலேயே பதினெட்டுப் பேர் வந்து நின்றார்கள். விழுப்புரத்தில் ஏற்கெனவே எண் இருந்தவர்கள் அதில் பதினொரு பேர். மெஷின் ஒன்பது பேரை அடையாளம் காட்டியது. மற்ற இரண்டு பேரை, அவர்கள் வாயைத் திறந்து பேரைச் சொன்னதும், அதன் ஒலியை வைத்தே அற்புதமேரி கண்டுபிடித்தார்.