பாலடினுக்கு இன்னொரு தொழில்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவருக்கு வேலை. வயது நாற்பத்து மூன்று. உடன்பிறந்தவள் ஒரே தங்கை, பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்றரை வருடத்துக்கு முன் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு முதல் பதினொன்று வரை டயாலிசிஸ்.

நான்கு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற ஆள் இல்லை அவள். கல்லூரியில் ஆடிய ஒரு விளையாட்டைத் தூசி தட்டி எடுத்தாள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் அதற்குள் ஒரு பாத்திரமாக நடந்து, இருபது முகப் பகடையை உருட்டிப் பிழைக்க வேண்டும். கதை அவள் பொறுப்பு. அண்ணனுக்கு பாலடின் பாத்திரத்தைக் கொடுத்தாள். ஒரு சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தின் பலத்தில் வாள் வீசுகிற வீரன்.

"உனக்கு வேற எது ஒத்து வரும்? பொய் சொன்னா காது செவந்துரும்" என்றாள்.

ஆனால் ஒரு பொய்யை மூன்று வருடமாக அவர் கட்டிக்காத்து வந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரையும் கிடையாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. தங்கைக்குச் சிறுநீரகம் தர முன்வந்தபோதும் வாய் திறக்கவில்லை. பரிசோதனைக்கு முன் பத்து நாள் அரைவயிறோடு கிடந்தார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் டாக்டர் தனியாகக் கூப்பிட்டார்.

"பட்டினி கெடந்தா அன்னிக்கி கொறைவா காட்டும். மூணு மாசச் சராசரிய ஏமாத்த முடியாது சார். உங்களுதை எடுத்தா நாளைக்கி நீங்களும் இங்கதான் படுக்கணும்."

"எழுதிக் குடுக்கறேன் டாக்டர். என்ன ஆனாலும் என் பொறுப்பு."

டாக்டர் ஃபைலை மூடிவிட்டார்.

அங்கிருந்து நேராக வேலைக்குப் போனார். ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் கூண்டின் மேல் ஏறியவர், நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் அதை நிறுத்திவிட்டு, கிரீஸ் படிந்த கம்பிவடத்தைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கீழிருந்து வாட்ச்மேன் கத்திக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை பாலடினுக்கு ஐந்தாம் லெவல் முடிந்தது. இனி ஆறாவதையும் பாலடினாகவே ஏறலாம், இல்லையென்றால் இன்னொரு தொழிலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"மந்திரவாதியா, பாணனா, இல்ல இப்படியே போறியா?" என்று கேட்டாள் தங்கை.

"வார்லாக்."

ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு வரம் வாங்குகிறவன் வார்லாக். எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போடுவது பிசாசாகவும் இருக்கலாம்.

"யாரோட ஒப்பந்தம்?"

"யாரா இருந்தா என்ன."

"பதிலுக்கு என்ன குடுப்ப?"

"என்ன கேட்டாலும் குடுப்பேன். கை, காலு, சத்தியம், எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். செத்தவங்கள எழுப்பற சக்தி மட்டும் இப்பவே வேணும். லெவல் லெவலா காத்திருக்க முடியாது."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "ரிசல்ட் வந்துருச்சாண்ணா?"

அவர் சொன்னார். சர்க்கரையையும் சொன்னார்.

"மூணு வருஷமாவா?" என்றாள். "ஜூன்ல வந்துருவேன்னு ஸ்கூல்ல சொல்லிட்டேனே. உன்ன நம்பித்தான சொன்னேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இயந்திரம் கத்தியது. டெக்னீஷியன் ஓடி வந்து, "கைய மடக்காதீங்கம்மா" என்று ஊசியைச் சரி செய்துவிட்டுப் போனாள். அவருக்கு எழுந்து போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "ஒரு லெவல் பொறு. ஆறு வந்தா பாலடினுக்குப் பக்கத்துல, பத்தடிக்குள்ள நிக்கறவங்களுக்கும் காப்பு கெடைக்கும். அப்பறமா பாணன் எடு."

"அவனால என்ன பிரயோஜனம்?"

"சண்ட முடிஞ்சு உக்காரும்போது பாடுவான். காயம் கொஞ்சம் சீக்கிரம் ஆறும்."

"கொஞ்சமா?"

"கொஞ்சந்தான். எனக்கு வேற ஒண்ணும் தெரியலண்ணா. நாளைக்கே மாத்திரைய ஆரம்பி."

ஆரம்பித்தார். தானம் கிடைக்கக் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயரைப் பதிந்தார்கள். ஏழு வாரத்தில் பாலடின் ஆறாம் லெவலைத் தொட்டான். அதற்குள் டயாலிசிஸ் ஊசி குத்தும் கை நரம்பு அவளுக்கு அடைத்துக்கொண்டு, கழுத்தில் குழாய் வைக்க வேண்டியதாயிற்று.

அவர் பாணனைச் சேர்த்துக்கொண்ட அன்று அவளுக்குக் குளிர் காய்ச்சல். இரண்டு போர்வைக்குள்ளிருந்து, "பாடினாத்தான் பாணன்" என்றாள். அப்படி ஒரு விதி கிடையாது. ஏதோ ஒரு பழைய பாட்டில் இரண்டு வரி பாடினார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

"தம்பி, எனக்கு பிரஷர் ஏறுது" என்றார் அடுத்த கட்டில்காரர்.

போர்வை குலுங்கியது. சிரிக்கிறாளா, நடுங்குகிறாளா என்று தெரியாமல் அவர் குனிந்து பார்த்தார். இரண்டும்தான்.

பட்டியலிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. லிஃப்ட் கூண்டின் மேல் நிற்கும்போதும் சட்டைப்பையில் போனைச் சத்தம் கூட்டியே வைத்திருக்கிறார்.