கட்டிலுக்குக் கீழே கோழிகள்

சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் வீட்டில் மீன் சமைக்கவில்லை. கடலை நினைத்தால் தொண்டைக்குள் இறங்காது. கோழிக்கு மாறினோம். இப்போது பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் கோழியையும் விட்டேன். இனிப் பருப்புக்கு என்ன நோய் வருத்தம் வருமோ என்று மனைவி கேட்கிறாள்.

போன கிழமை கல்குடாப் பக்கம் போனேன். கால்நடை உத்தியோகத்தரான நண்பர், கோழிகள் சாகின்றனவா என்று வீடு வீடாக விசாரிக்கப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

நேசம்மாவின் வீடு. பழைய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, நிவாரணமாகக் கிடைத்த குஞ்சுகளை வளர்த்து, முட்டை விற்று, ஆறு வயது மகளோடு பிழைக்கிறவர். நண்பர் கணக்கெழுதும் கொப்பியை விரித்து, எத்தனை கோழி என்று கேட்டார்.

ஒன்றும் இல்லையாம்.

முற்றமெல்லாம் எச்சம். கூடோ வெறுமை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு கொக்கரிப்பு... எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே, சாக்கு மறைப்புக்குப் பின்னால் கோழிகள். அவற்றில் இரண்டு, தலை தொங்கிச் சுருண்டு கிடந்தன. கட்டிலில் மகள் பகல் தூக்கத்தில் இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோய்க் கோழியின் எச்சமும் எச்சிலும்தான் மனிதருக்கு ஆபத்து என்று நண்பர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளையைவிடக் கோழி பெரிதா என்று கேட்டேவிட்டேன்.

நேசம்மா கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சண்ட நேரத்திலயும் ஒருக்கா இப்பிடித்தான் கொப்பியோட வந்து, வீட்டில எத்தின பேர் எண்டு கேட்டாங்க, சேர். மூத்தவன் உள்ளுக்க நிக்கிறான் எண்டு உள்ளதச் சொன்னன். விசாரிச்சிட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனாங்க.”

அவ்வளவுதான். என் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. யுத்தம் முடிந்துவிட்டது என்கிறோம், கோழிக்கு நோய் கண்டால் உடனே அறிவியுங்கள் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறோம் — உண்மையைச் சொல்லிப் பிள்ளையை இழந்தவரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

நண்பர் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். கையுறை போட்டு, சுருண்ட இரண்டையும் சோதனைக்கு எடுத்தார். மற்றவற்றைக் கூட்டுக்கு மாற்றச் சொன்னார். இனிச் சுருளும் கோழியை அறுத்துக் கறி வைக்க வேண்டாம், தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், மகளுக்குக் காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரி என்று பொறுமையாக விளக்கினார்.

நேற்றுச் சோதனை முடிவோடு திரும்பவும் போனோம். பறவைக் காய்ச்சல் இல்லை. வழக்கமாக வரும் கோழி நோய்தான். மகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். நண்பர் இம்முறை கொப்பியை வெளியே எடுக்கவேயில்லை.

புறப்படும்போது, யாரும் கேட்காமலே நேசம்மா சொன்னார்:

“ஒம்பது கோழி நிக்குது, சேர்... எழுதுங்க.”