நெல் மூட்டைக்கு வாட் கிடையாது

போன ஞாயிறு காலை கலியமூர்த்தி கல்லணைக் கால்வாய்க் கரையில் சைக்கிளோடு விழுந்தார். விழுகிற நிமிடம் வரைக்கும் அவர் உடம்பு பிரமாதமாக இருந்தது. நான் சொல்லவில்லை... அவர் போன் சொன்னது.

மறுபடியும் சைக்கிள் கதையா என்று அலுத்துக்கொள்ளும் வாசகர்கள் மன்னிக்கவும். பூதலூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் வேறு எதைப் பற்றி எழுதுவது?

கலியமூர்த்தி சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பதினான்கு வருடம் இருந்தவர். திரும்பி வந்தபோது தைலம், சாக்லேட், டிவியோடு சர்க்கரையும் கொண்டுவந்தார் — ரத்தத்தில். டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். ஓட்டினார். மாத்திரை பாதியாகக் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

விடுவாரா? வாட் அளக்கும் பெடல் வாங்கினார். மாட்டிக்கொடுத்தவன் நான்தான். மிதிக்கிற மிதி எத்தனை வாட் பலம் என்று அந்தப் பெடல் போனுக்குச் சொல்லும். ஒரு மணி நேரம் விடாமல் தாக்குப்பிடிக்கிற வாட் எவ்வளவோ, அதுதான் உங்கள் அளவு. அந்த அளவில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நூறு மார்க். மார்க் ஏறினால் களைப்பு ஏறுகிறது, போன் மைனஸ் காட்டும்; ஓட்டாமல் இருந்தால் களைப்பு வடிகிறது, பிளஸ் காட்டும் என்று கணக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கே புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவரிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால், போனைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். “களைப்பா இருக்கேண்ணே... மைனஸ் இருபத்திரெண்டு.”

ஆடி மாதம் அந்த மைனஸை மதிக்காமல் ஓட்டிவிட்டு வந்து வாசலில் மயங்கினார். அவர் மனைவி வசந்தி சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிள் இந்த வீட்டில் இருக்காது என்று மட்டும் சொன்னார். வசந்தி சொன்னால் சொன்னதுதான். அன்று முதல் கலியமூர்த்தி போன் கிழித்த கோட்டைத் தாண்டுவதில்லை. மைனஸ் என்றால் சைக்கிள் பக்கமே போகமாட்டார்.

இந்த நிலைமையில்தான் அவர்கள் வயலில் குறுவை அறுவடை வந்தது. கூடவே மழை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்பிவிட்டார்கள். ரோட்டில் கொட்டு, காய வை, மேகம் திரண்டால் கூட்டி அள்ளு, தார்ப்பாய் போடு, சாக்கில் கட்டு, வரிசைக்குத் தூக்கு... மறுபடியும் ஈரம் என்றால் மறுபடியும் கொட்டு. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஐந்து நாள், புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வந்தார். கண் ரெண்டும் சிவப்பு. காற்றடிக்கும் பம்ப்பை எடுக்கக் கையைத் தூக்கினார். தோளுக்கு மேல் கை போகவில்லை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

“அஞ்சு நாள் ஃபுல் ரெஸ்ட்டுண்ணே. பிளஸ் பதினெட்டு. நாளைக்கு இருபது நிமிஷ டெஸ்ட் போட்டுடுவோம்.”

நான் கேட்டிருக்கலாம். முந்தின நாள்தான் இவர் தலையில் மூட்டையோடு போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். கேட்கவில்லை. கூச்சம். அதோடு, பிளஸ் பதினெட்டோடு வாதாட என்னிடம் என்ன படிப்பு இருக்கிறது? டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் மொபெட்டில் பின்னாலேயே போனேன். அந்த ஒரு மணி நேர அளவைக் கண்டுபிடிக்க முழு மூச்சில் இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். பதினோராவது நிமிடம் சைக்கிள் கோணலாகப் போயிற்று. நாணல் புதரில் சாய்ந்தார். இரண்டு முழம் தள்ளி விழுந்திருந்தால், கரை தொட்டு ஓடுகிற தண்ணீர்.

வசந்தி ஆட்டோவில் வந்தார். முதலில் முழங்கையைப் பார்த்தார். அப்புறம் போனை வாங்கிப் பார்த்தார்.

“இந்த அஞ்சு நாளும் என்னன்னு போட்டிருக்கு?”

“ரெஸ்ட்.”

“அப்ப மூட்டை தூக்குனது யாரு?”

“அது பெடல்ல வராது வசந்தி.”

வசந்தி என் பக்கம் திரும்பினார். “நீங்களும் பாத்தீங்கள்ல அண்ணே?” நான் சைக்கிள் செயினை மும்முரமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

போன்மேல் எனக்குக் கோபமில்லை. பெடலில் விழுந்ததை அது ஒழுங்காகத்தான் எண்ணியது. மனுஷனுக்கு என்ன வந்தது? சிங்கப்பூர் பட்டறையில் கார்டு தேய்த்து உள்ளே போனால்தான் வேலை; கார்டில் ஏறாதது வேலையே இல்லை. பதினான்கு வருடம் அப்படியே பழகிவிட்டால், சொந்தத் தோள் வலிப்பதைக்கூட ஒரு கருவி எழுதிக் கொடுத்தால்தான் நம்ப முடிகிறது. இதை வெளிநாட்டு ஞானம் என்று ஊரில் மெச்சிக்கொள்கிறார்கள்.

சைக்கிள் போச்சு என்றுதான் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வசந்தி போனை அவர் மடியில் வைத்தார்.

“மாத்திரை குறைஞ்சது இதாலதான். சைக்கிள் இருக்கட்டும். அந்தப் பெடலைக் கழட்டிடுங்கண்ணே.”

அங்கேயே கழற்றினேன். கழற்றும்போதுதான் உறைத்தது — அத்தனை மூட்டைக்கும் மறுபக்கம் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் இந்தம்மா. கூச்சத்தை விட்டுக் கேட்டேன், நீங்கள் ரெஸ்ட் எடுத்தீர்களா என்று.

“நெல்லு இன்னும் ரோட்டுலதாண்ணே கெடக்கு,” என்றபடி புருஷனை ஆட்டோவில் ஏற்றினார்.

பெடல் இப்போது என் கடை அலமாரியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் முழு ஓய்வில் இருப்பது அது ஒன்றுதான்.